கட்டடத் தொட்டியில் நீர்த்தரம் காட்டும் கருவி: நிறுவுதல், அளவுத்திருத்தம், இயக்கம்

வளைகுடா நாடுகளில் குழாய் வழியே வரும் குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறப்படுவதாகும். உப்பு நீக்கிய நீரில் தாதுக்களைச் சேர்த்து, கிருமிகளைத் தடுக்கும் பொருட்டுக் குளோரினையும் கலந்த பின்னரே நகரக் குழாய்களில் விடுகின்றனர். இந்நீர் எவ்வளவு அரியது என்பதற்கு இரு சான்றுகள் போதும். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி 2009 வரை நீடித்த நுண்பாசிப் பெருக்கம் அமீரகக் கரையோரக் கடலைச் செந்நிறமாக்கியபோது, உப்புநீக்கு நிலையங்கள் சில கடல்நீர் எடுப்பதையே நிறுத்த நேர்ந்தது. 2018 சனவரியில் அபுதாபி அரசு லிவா பாலைவனத்தில் திறந்து வைத்த நிலத்தடி நீர்க்கிடங்கில் 2.6 கோடி கன மீட்டர் உப்புநீக்கிய நீர் சேமிக்கப்பட்டுள்ளது. நெருக்கடிக் காலத்தில் பத்து இலட்சம் பேருக்கு 90 நாள்கள் வழங்குவதற்கான இருப்பு அது.

கடலிலிருந்து கட்டடத்தின் மீட்டர் வரை இந்நீரைப் பல கருவிகள் கண்காணிக்கின்றன. மீட்டரைக் கடந்தபின் அது தரைத்தளத் தொட்டிக்கும், பம்ப் மூலம் மொட்டைமாடித் தொட்டிக்கும், பின்னர் குழாய்க்கும் செல்கிறது. இப்பகுதியின் பொறுப்பு பொதுவாகக் கட்டட உரிமையாளரையும் பராமரிப்பாளரையும் சேர்ந்தது. கோடையில் மொட்டைமாடித் தொட்டி சூடேறும்போது குளோரின் விரைவாகக் குறையும். 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம், கடும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகுவதற்கு ஏற்றது. நூற்றுக்கணக்கானோர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு தொட்டி கெட்டால், இரவுப்பணி முடித்துத் திரும்புவோர் அனைவரும் அதே நீரையே பயன்படுத்துவர். ஆகவே பல கட்டடங்களில் தொட்டியருகே நீர்த்தரம் காட்டும் கருவி பொருத்தப்படுகிறது. அதனைக் கையாளும் பராமரிப்பாளர்க்கும் காவலர்க்கும் உரிய பாடம் இது.

கருவி காட்டும் ஐந்து எண்கள்

எஞ்சிய குளோரின்: கிருமிகளை எதிர்க்க நீரில் மீதமிருக்கும் குளோரினின் அளவு. நீர் பயனரைச் சேரும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் இருத்தல் வேண்டும் என்பதும், 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். உள்ளூர் அதிகாரம் வேறு வரம்பு விதித்திருப்பின் அதுவே பொருந்தும்.

பிஎச்: நீரின் அமில, காரத் தன்மை. குளோரின் எவ்வளவு இருப்பினும் அது வேலை செய்வது பிஎச் அளவைப் பொறுத்தது. கிருமியை வலுவாகக் கொல்லும் வடிவிலுள்ள குளோரின், பிஎச் 7.5 அளவில் ஏறத்தாழப் பாதியாகவும், 8.5 அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகவும் இருக்கும்.

கலங்கல்: என்.டி.யூ. என்னும் அலகில் தரப்படும். கலங்கல் கூடின், தூசியும் வண்டலும் கிருமிகளுக்கு மறைவிடமாகும்.

மின்கடத்துதிறன்: நீரில் கரைந்துள்ள உப்பின் அடையாளம். உப்புநீக்கிய நீரில் இது குறைவு. வளைகுடா நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. இவ்வெண் திடீரென உயர்ந்தால், தரைத்தளத் தொட்டியின் விரிசல் வழியே நிலத்தடி நீர் புகுந்திருக்கலாம். அல்லது டேங்கர் வண்டியில் வேறு நீர் வந்திருக்கலாம்.

வெப்பநிலை: ஏனைய எண்கள் அனைத்தையும் பொருள்கொள்வதற்குத் தேவையான எண்.

நிறுவுதல்

கருவியைத் தொட்டிக்குள் இறக்குவதில்லை. தொட்டியிலிருந்து கட்டடத்துக்குச் செல்லும் குழாயில் ஒரு கிளைக்குழாய் எடுத்து, நீர் மெதுவாக ஓடும் சிறு கலத்தில் சென்சார்களைப் பொருத்த வேண்டும். ஓட்டமில்லாத முட்டுக்குழாயில் தங்கும் நீர், தொட்டியின் உண்மை நிலையைச் சொல்லாது. குளோரின் சென்சாருக்கு ஓட்டம் ஒரே சீராக இருத்தல் இன்றியமையாதது; ஓட்டம் மாறினால் குளோரின் மாறாதபோதும் எண் மாறும். காற்றுக்குமிழி படிவதைத் தவிர்க்க, நீர் கீழிருந்து மேலாகக் கலத்தைக் கடக்குமாறு அமைத்தல் நன்று. கலத்தைக் கடந்த நீர் வடிகாலுக்கே செல்ல வேண்டும். தொட்டிக்குத் திரும்பவோ பின்னோக்கிப் பாயவோ கூடாது.

மொட்டைமாடியில் வைப்பதாயின் நிழலும் தூசி புகாப் பெட்டியும் கட்டாயம். நேர்வெயிலில் நிற்கும் பெட்டியின் உட்புறம் வெளிக்காற்றைவிட மிகுதியாகச் சூடாகும். இலத்திரனியல் பகுதியும் சென்சாரும் அதனால் விரைவில் பழுதாகும். மின் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். கருவியின் அருகிலேயே கைமாதிரி எடுப்பதற்கு ஒரு குழாய்முனையும் இருத்தல் வேண்டும். அது இல்லாக் கருவியைச் சரிபார்க்கவே இயலாது.

குளிர்நீர் எந்திரத்தின் கரி வடிகட்டிக்குப் பின்னால் கருவியைப் பொருத்துதல் தவறு. கரி குளோரினை உறிஞ்சிவிடும். அங்கே குளோரின் பூச்சியம் எனக் காட்டினால் அது தொட்டியின் குறையன்று. அதே காரணத்தால், காலம் கடந்த வடிகட்டி கிருமி வளரும் இடமாகிறது. உரிய நாளில் அதனை மாற்ற வேண்டும்.

அளவுத்திருத்தம்

திரையில் தோன்றும் எண், அக்கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டதோ அந்த அளவுக்கே நம்பத்தக்கது. சென்சார் தேயும், அதன்மேல் படிவு சேரும், எண் மெல்ல விலகிச் செல்லும். விலகிய கருவி தவறான எண்ணையும் ஐயமின்றிக் காட்டும். எனவே அறிந்த அளவுடைய கரைசலோடு அதனை ஒப்பிடுவதே அளவுத்திருத்தம். பிஎச் சென்சாரை முதலிலும் குளோரின் சென்சாரை இறுதியிலும் திருத்த வேண்டும். குளோரின் எண் பிஎச் அளவைச் சார்ந்திருத்தலே காரணம்.

பிஎச்: 7.00, 4.01 அளவுள்ள இரண்டு நிலைக்கரைசல்கள் தேவை. வெயிலில் கிடந்த குப்பியை உடனே பயன்படுத்தலாகாது. அறை வெப்பத்துக்கு வந்தபின், குப்பியில் அச்சிட்ட வெப்பநிலை அட்டவணைப்படி மதிப்பை இட வேண்டும். சென்சாரைத் தூய நீரில் அலசி, மென்தாளால் ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கலாகாது. முதலில் 7.00 கரைசலிலும், மீண்டும் அலசியபின் 4.01 கரைசலிலும் எண் நிலைத்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பயன்படுத்திய கரைசலைக் குப்பிக்குள் திரும்ப ஊற்றலாகாது. 25 டிகிரியில், ஒரு பிஎச் அலகுக்கு ஏறத்தாழ 59.2 மில்லிவோல்ட் மாறுதல் முழுமையான சென்சாரின் இயல்பு. எடுத்துக்காட்டாக, 7.00 கரைசலில் 2 மில்லிவோல்ட்டும் 4.01 கரைசலில் 168 மில்லிவோல்ட்டும் கிடைத்தால், வேறுபாடு 166, அதனை 2.99 ஆல் வகுத்தால் 55.5. இது முழுமையான மதிப்பில் ஏறத்தாழ 94 விழுக்காடு, ஏற்கத்தக்கது. 90 விழுக்காட்டுக்குக் கீழே சென்றால் சென்சாரைச் சுத்தம் செய்தோ மாற்றியோ ஆக வேண்டும். ஓய்வில் வைக்கும் சென்சாரை பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்க வேண்டும். தூய நீரில் வைத்தால் அது கெடும்.

மின்கடத்துதிறன்: உலர்ந்த சென்சார் காற்றில் பூச்சியம் காட்டுகிறதா எனப் பார்த்து, 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமென்ஸ் கொண்ட நிலைக்கரைசலில் திருத்த வேண்டும்.

கலங்கல்: ஃபார்மசின் வகை நிலைக்கரைசலைப் பயன்படுத்த வேண்டும். கண்ணாடிக் குப்பியில் விரல்ரேகையோ கீறலோ இருப்பின் எண் உயரும்.

குளோரின்: இதற்குக் குப்பியில் அடைத்த நிலையான கரைசல் இல்லை. அருகிலுள்ள குழாய்முனையில் அதே நேரத்தில் நீர் எடுத்து, டி.பி.டி. என்னும் வினைப்பொருளை இட்டு, தோன்றும் இளஞ்சிவப்பைக் கைக்கருவியால் ஒரு நிமிடத்துக்குள் அளக்க வேண்டும். கைக்கருவி 0.4 எனவும் திரை 0.6 எனவும் காட்டினால், திரையின் எண்ணை 0.4 எனத் திருத்த வேண்டும். நீரில் குளோரினே இல்லாத நேரத்தில் இத்திருத்தத்தைச் செய்தலாகாது. குளோரின் மிக அதிகமாயிருப்பின் நிறம் தோன்றி உடனே வெளிறிவிடும். அதனைக் குளோரின் இல்லை எனத் தவறாகக் கொள்ளாமல், மாதிரியை நீர்த்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

இயக்கமும் பதிவேடும்

நாள்தோறும் ஒரே நேரத்தில் எண்களைப் பார்த்தெழுத வேண்டும். எச்சரிக்கை ஒலிப்பதை மட்டும் நம்பியிருத்தல் போதாது. பகலிலும் இரவிலும் ஓர் எண் இம்மியும் மாறாதிருந்தால், அது நல்ல செய்தியன்று. ஓட்டம் நின்றிருக்கலாம், அல்லது சென்சார் செயலிழந்திருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: பெருநாள் விடுமுறையில் ஒரு குடியிருப்பில் பெரும்பாலோர் வெளியூர் சென்றுள்ளனர். தொட்டி நீர் அப்படியே நிற்கிறது. ஐந்தாம் நாள் குளோரின் 0.1 எனத் திரை காட்டுகிறது. காவலர் முதலில் டி.பி.டி. சோதனையால் அந்த எண் உண்மையா எனப் பார்க்க வேண்டும். உண்மையாயின், மீட்டருக்கருகில் உள்வரும் நீரையும் சோதிக்க வேண்டும். அங்கும் குறைவாயின் நீர்வழங்கும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே சரியாக இருந்து தொட்டியில் மட்டும் குறைந்திருப்பின், தேங்கிய நீரை வெளியேற்றிப் புதுநீர் நிரப்ப வேண்டும். பின்னரும் குறைந்தால், நகராட்சியின் ஒப்புதல் பெற்ற தொட்டித் தூய்மை நிறுவனத்தை மேலாளர் வழியே அழைக்க வேண்டும். கடையில் வாங்கிய வெளுப்புத் திரவத்தைத் தாமே தொட்டியில் ஊற்றுதல் ஒருபோதும் கூடாது. குடியிருப்போர் திரும்புவதற்குள் இவை முடிந்திருக்க வேண்டும். முடியாவிடில் குடிப்பதற்கு வேறு நீர் தர வேண்டும்.

பதிவேட்டில் நாள், நேரம், ஐந்து எண்கள், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் இருந்த மதிப்பு, நிலைக்கரைசலின் காலாவதி நாள், செய்தவர் பெயர், கையொப்பம் ஆகியவை இருத்தல் வேண்டும். பிழையாக எழுதியதை அழிக்காது ஒரு கோடிட்டு, அருகில் சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அளக்காத நாளில் ‘அளக்கவில்லை’ என எழுதுக. நேற்றைய எண்ணை இன்றும் எழுதலாகாது. நாளை எவரேனும் நோயுற்று விசாரணை எழுந்தால், காவலர் தம் கடமையைச் செய்தார் என்பதற்கும், குறையைக் குறித்த நாளிலேயே மேலாளருக்குத் தெரிவித்தார் என்பதற்கும் அப்பதிவேடே ஆதாரம். ஒரு பொய் எண் கண்டுபிடிக்கப்பட்டால், ஏனைய உண்மை எண்களையும் எவரும் நம்பார்.

கருவியால் இயலாதவை

இக்கருவி நீரைத் தூய்மை செய்வதில்லை; கிருமிகளை எண்ணுவதுமில்லை. ஐந்து எண்களும் நன்றாயிருப்பினும், குறித்த காலத்தில் ஆய்வகச் சோதனை செய்தே ஆக வேண்டும். 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது. அதனை ஆய்வகமே கண்டறியும். மாதிரியை ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய குப்பியிலேயே எடுக்க வேண்டும். அதனுள் இருக்கும் சிறிதளவு வேதிப்பொருள் குளோரினை முறிப்பதற்காக வைக்கப்பட்டது, அலசி எறிந்துவிடலாகாது.

பயிற்சி வினாக்கள்

1. குளோரின் சென்சாருக்கு முன் பிஎச் சென்சாரைத் திருத்துவது ஏன்?
2. மூன்று நாள்களாக ஓர் எண் மாறவேயில்லை. முதலில் பார்க்க வேண்டியவை யாவை?
3. மின்கடத்துதிறன் ஒரே இரவில் இருமடங்காகிறது. ஐயுற வேண்டிய இரண்டு காரணங்கள் யாவை?

விடைகள் மேலேயுள்ள பகுதிகளில் உள்ளன. கருவியைப் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் இவ்வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே பதிவேட்டில் முதற் கையொப்பம் இடுதல் நன்று.