தோற்கருவி பல, தாளம் ஒன்று

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்துரைப்பது தமிழ் மரபு. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் பேரிகை, உடுக்கை, மத்தளம், குடமுழா, தண்ணுமை, துடி முதலாக முப்பதளவான தோற்கருவிகளைப் பெயர் கூறிக் காட்டுகின்றார். இவ்வினத்துள் ஒன்றிற் கைதேர்ந்தவர் ஏனையவற்றையும் வாசித்தல் கூடுமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கூடும் என்பதற்குச் சான்று உண்டு. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை தவில் பயின்றவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கியவரும் அவரே. அவர்தம் மாணாக்கர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா என்னும் இரண்டிலும் பெரும்புகழ் எய்தினார். ஒரு கருவியினின்று மற்றொன்றுக்குச் செல்லும் பாலம் சொற்கட்டாகும். ‘தகிட’ என மூன்றும், ‘தகதிமி’ என நான்கும், ‘தகதகிட’ என ஐந்தும் வாயாற் சொல்லிக் கையால் தாளமிட்டுப் பழகியவர்க்குக் கணக்கு எக்கருவியிலும் ஒன்றே.

ஆயினும், கை வேறு. மிருதங்கத்தில் இரு பக்கமும் வெறுங்கையே தொழில் செய்யும். தவிலின் வலந்தலையை விரல்களிற் கூடு அணிந்து வாசிப்பர். தொப்பியைக் கழியால் அடிப்பர். கஞ்சிராவில் ஒரு கை கருவியைப் பிடித்துத் தோலை அழுத்தி ஒலியை மாற்ற, மற்றக் கை மாத்திரமே வாசிக்கும். தாளவாத்தியமேயாயினும் கடத்துக்குத் தோலே இல்லை. சுட்ட மண்ணே பேசும்.

இவ்வேற்றுமையை யாம் உணர்ந்தது எமது பிழையினாலேயாம். சில ஆண்டுகளுக்கு முன் அளவெட்டியில் நிகழ்ந்த விழாவொன்றில், தவிற்கலைஞர் வரத் தாமதித்தமையால், மிருதங்கம் நன்கு பயின்ற மாணவன் ஒருவனைத் தவில் வாசிக்குமாறு ஏவினோம். கணக்கிற் பிழையில்லை; நாதம் எழவில்லை. விரல் கன்றி, அவன் தலைகவிழ்ந்து நின்றான். சபையிலிருந்த முதிய தவிற்கலைஞர் ஒருவர் அவனருகே சென்று, “தம்பி, சொல்லு உன்ரை வாயிலை இருக்கு, கைக்குத்தான் இன்னும் தெரியாது. வீட்டை வா” என்றார். எம்மை அவர் நோக்கவில்லை. அதுவே எமக்குப் போதிய கண்டனமாயிற்று.

மாணவன் சென்றான். முதலிற் பல மாதம் கழி பிடிக்கவே பழகினான். இன்று இரண்டையும் வாசிக்கின்றான். “சேர், தவில் பழகினாப் பிறகுதான் மிருதங்கத்திலை எங்கை அடிக்காமல் விடவேணும் எண்டு விளங்கினது” என அவன் கூறியதை யாம் மறந்திலேம். கோயில் வீதியெங்கும் நிறைய வேண்டியது ஒன்று. பாடுவோர் குரலுக்கு இடம்விட்டு ஒலிக்க வேண்டியது மற்றொன்று.

இணுவிலில் 1933இற் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, 1975இல் மறைந்த தவில்மேதை தெட்சணாமூர்த்தி அவர்களை நேரிற் கேட்கும் பேறு எம் தலைமுறைக்கு வாய்க்கவில்லை. ஒலிப்பதிவுகளிற் கேட்கின்றோம். எத்துணை விரைவிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே தெளிந்து ஒலிக்கின்றது. தவில் ஒன்றினாலேயே அவர் கடல் கடந்தும் புகழ் பெற்றார்.

ஆதலின், மாணவர்காள், பல கருவி பயில விரும்புவீராயின் பயில்க. ஒன்றில் வித்துவானாயினும், அடுத்ததன் முன் அரிச்சுவடி மாணாக்கராய் அமர்க. தவிலை உரத்த மிருதங்கம் என எண்ணற்க. அடுத்த திருவிழாவிலே தவிற்சமா நிகழும்போது, கடலைக்காரியிடம் ஓடாது, ஒரு நாழிகை நின்று கேட்க.