வேதபாடம்: கொடுமையும் விவாகரத்தும்

ஆதார வசனம்: மல்கியா 2:16

விவாகரத்தைத் தேவன் வெறுக்கிறார் என்பதற்கு இந்த வசனத்தைக் காட்டுகிறோம். அதே வசனம் கொடுமையையும் கண்டிக்கிறதே, அதை ஏன் விட்டுவிடுகிறோம்?

1. சட்டம்: 1869-ம் வருஷத்துச் சட்டப்படி, கிறிஸ்தவ மனைவிக்குக் கொடுமை மட்டும் காரணமாகாது, புருஷனுடைய விபசாரத்தையும் சேர்த்து நிரூபிக்கணும். 2001-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது கொடுமை மட்டுமே போதும். புருஷனுக்கும் இதே உரிமை உண்டு.

2. “இனி சேர்ந்து வாழவே முடியாது”: இதை மட்டும் சொல்லி நம்ம ஊர்க் கோர்ட்டில் விவாகரத்து வாங்க முடியாது. சுப்ரீம் கோர்ட் மட்டும் 142-ம் பிரிவின்படி தரலாம் என்று 2023-ல் தீர்ப்பானது.

3. பாதுகாப்பு: உயிர் தப்ப விவாகரத்துதான் வழி என்றில்லை. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, விவாகரத்து கேளாமலே மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பும் தங்க இடமும் ஜீவனாம்சமும் கேட்கலாம். அவசரத்துக்கு 181-க்கு போன் பண்ணலாம். பிரிந்திருக்கும் மனைவியைக் குறித்து 1 கொரிந்தியர் 7:11-ல் பவுலும் எழுதுகிறாரே!

ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சபை மூப்பர்களே, அடிபட்டு வந்த சகோதரியை, “பொறுத்துக்கோம்மா, ஜெபம் பண்ணு” என்று அதே வீட்டுக்கு அனுப்பாதிருங்கள். முதலாவது பாதுகாப்பு, பிறகு புருஷனுடைய மனந்திரும்புதல், அதன்பின்பே ஒப்புரவாகுதல். ஆமென்.