கோர்ட்டுக்குப் போகும் டாக்டர் ரிப்போர்ட்

"டாக்டர், நான் தூக்கம் வராம மாத்திரை சாப்பிட்டதைக் கோர்ட்டுல காட்டி, குழந்தையைப் பிரிச்சுடுவாங்களா?"

விவாகரத்து வழக்கில் சிக்கிய பெண்கள் மனநல மருத்துவரிடம் கேட்கும் கேள்வி இது. இந்தப் பயத்தில் சிகிச்சையையே பாதியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் பெரிய தவறு.

முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை இப்போதும் மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். நோயின் பெயரை மட்டும் காட்டி விவாகரத்து கேட்க முடியாது, அதன் கடுமையைப் பார்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1988-லேயே சொல்லிவிட்டது.

சரி, டாக்டரிடம் சொன்ன ரகசியம்? வக்கீலிடம் நீங்கள் பேசியதற்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. 1872-ம் வருட சாட்சியச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் சரி, டாக்டருக்கு அந்தச் சலுகை இல்லை. நீதிபதி உத்தரவிட்டால் அவர் பேசித்தான் ஆகவேண்டும். (அமெரிக்காவில் 1996-ல் மனநல சிகிச்சையாளருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது.) ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் போன் செய்து கேட்பது கோர்ட் உத்தரவு ஆகாது. அதற்கு டாக்டர் வாய் திறக்கக் கூடாது.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பலருக்கு மனசு சுருங்கிவிடும். "கணவர் அடித்தார்" என்று இருக்காது; "அடித்ததாக இவர் கூறுகிறார்" என்றிருக்கும். நம்ம டாக்டரே நம்மை நம்பலையேன்னு தோணும். அப்படியல்ல. அவர் அங்கே இருந்து பார்க்கவில்லை. எத்தனை முறை சந்தித்தார், நீங்கள் சொன்னது என்ன, தானே கவனித்தது என்ன, அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார் என்று பிரித்து எழுதினால்தான் குறுக்கு விசாரணையில் நிற்கும். ஒரு முறைகூடப் பார்க்காத கணவருக்கு "மனக்கோளாறு" என்று எழுதித் தரும் டாக்டர் உங்களுக்கு உதவவில்லை. எதிர் வக்கீல் இரண்டே கேள்வியில் மொத்த ரிப்போர்ட்டையும் கிழித்துவிடுவார்.

குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதையும் உங்களுக்குச் சிகிச்சை தருபவரிடமே எழுதி வாங்க முயலாதீர்கள். அவர் உங்கள் பக்கத்தில் நின்று பார்த்தவர். 1984-ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி நீதிபதியே தனியாக ஒரு நிபுணரின் உதவியைக் கேட்கலாம். நிபுணர் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டிய கட்டாயமும் அவருக்குக் கிடையாது.

வழக்கு நடப்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் 2017 சட்டத்தில் உண்டு. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.