கடைக் கம்ப்யூட்டர் எழுதும் சிட்டை

மார்ச் மாதக் கடைசி வாரம். நமது உறுப்பினரான பருப்பு மொத்த வியாபாரி ஒருவரின் கடையில், பில் போடும் கம்ப்யூட்டர் காலையில் எழுந்திருக்க மறுத்துவிட்டது. 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப், விண்டோஸ் 7. வருஷக் கணக்கு முழுவதும் அதற்குள்தான். பிரதி எடுத்து வைத்தாரா என்று கேட்டோம். எடுத்திருக்கிறார், ஆயுத பூஜைக்கு முன்பு! பில் புத்தகங்களையும் லாரி ரசீதுகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளையும் இரண்டு பையன்களும் ஆறு மாத வரவு செலவை மறுபடி ஏற்றி முடிக்கப் பதினேழு நாட்கள் ஆயின. துண்டுச் சீட்டு கிடைக்காத சில கடன் பாக்கிகளில், வாங்கியவர் சொன்ன தொகையையே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பழுது பார்த்தவர் அந்த ஹார்ட் டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். பாதி படிக்க முடிந்தது. கணக்கு ஃபைல் இருந்த பகுதி படிக்க முடியவில்லை. படிக்க முடிந்த பாதியில் கம்ப்யூட்டர் தானாக எழுதி வைத்த பதிவேடு இருந்தது. மார்ச் முதல் வாரத்திலிருந்தே அதில் எச்சரிக்கை விழுந்திருக்கிறது. முதலில் நாளுக்கு ஒன்று, பிறகு பத்து, கடைசி நாட்களில் பக்கம் பக்கமாக. பார்க்கத்தான் ஆளில்லை.

அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் இம்மாதப் பாடம்.

நம் கடைகளில் சிட்டை எழுதுகிறோம் அல்லவா? நடந்ததை நடந்த வேளையில் குறித்துக்கொள்வது. எது முக்கியம் என்று பிறகு பேரேட்டில் ஏற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸும் இப்படி ஒரு சிட்டை எழுதுகிறது. 1993-இல் வந்த விண்டோஸ் என்டி காலத்திலிருந்தே இவ்வழக்கம் உண்டு. இதைப் பார்க்கும் திரைக்கு ஈவென்ட் வியூவர் என்று பெயர். கீபோர்டில் விண்டோஸ் சின்னம் உள்ள கட்டையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் ஈ, வி, ஈ, என், டி, வி, டபிள்யூ, ஆர் என்ற எட்டு எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். இடது பக்கம் விண்டோஸ் லாக்ஸ் என்பதைத் திறந்து, அதனுள் சிஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது.

முதல் முறை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். மஞ்சள் முக்கோணங்களும் சிவப்பு வட்டங்களும் வரிசை கட்டி நிற்கும். பயப்பட வேண்டாம். நேற்று வாங்கிய புதுக் கம்ப்யூட்டரிலும் இவை இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டட்காம் என்ற பெயரில் 10016 என்ற எண்ணுடன் வரும் பதிவைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. டிஎன்எஸ் கிளையண்ட் 1014 என்று வந்தால், அந்த நேரத்தில் இன்டர்நெட் தடுமாறியது என்று பொருள். ஒன்றிரண்டு விழுந்தால் கவலையில்லை.

இந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு. “உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எங்களுக்கு எச்சரிக்கை வருகிறது” என்று போன் வரும். இதே திரையைத் திறக்கச் சொல்வார்கள். மஞ்சளையும் சிவப்பையும் எண்ணச் சொல்லி, எல்லாம் வைரஸ் என்பார்கள். பிறகு தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்து பணம் கேட்பார்கள். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2012 அக்டோபரிலேயே இத்தகைய கூட்டங்கள் சிலவற்றின் மீது வழக்குத் தொடுத்தது. ஆனாலும் தொழில் நின்றபாடில்லை. கேளாமலே போன் செய்து பழுது பார்க்கும் வழக்கம் மைக்ரோசாஃப்டுக்குக் கிடையாது. வந்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கடைக்காரர்களாகிய நாம் மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும் என்பது நமது கருத்து: கரண்ட், கடிகாரம், டிஸ்க்.

கரண்ட் பற்றிய பதிவு கெர்னல்-பவர் 41. அதனுடன் 6008-ம் வரும். முறையாக மூடாமல் கம்ப்யூட்டர் நின்றுபோயிருக்கிறது என்று பொருள். வாரத்துக்கு ஒன்று வந்தால், பதிவின் நேரத்தையும் மின்தடை வந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் யு.பி.எஸ். பேட்டரி கிழடாகிவிட்டது. நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் அது உழைப்பதே பெரிது. பில் புரோகிராமை மூடிய பிறகு யு.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். கணக்கு திறந்திருக்கும்போது இந்தச் சோதனை கூடாது. மின்தடையே இல்லாத வேளையிலும் 41 வந்தால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம்.

கடிகாரம் சுலபம். மெயின் போர்டில் காசு போல ஒரு பேட்டரி உண்டு. சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்தால் சுவிட்சை அணைத்த ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போய்விடும். கெர்னல்-ஜெனரல் 1 என்ற பதிவில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்கு மாறியது என்பது தெரியும். சில வினாடி மாறுவது வாடிக்கை. வருஷக்கணக்கில் தாவினால் பேட்டரி போய்விட்டது. தேதி தப்பான கம்ப்யூட்டரில் ஜி.எஸ்.டி. தளமும் வங்கித் தளமும் திறக்க மறுக்கும். இன்டர்நெட்காரரைத் திட்டிக்கொண்டு அரை நாள் போக்குவோம்! அதைவிடக் கெடுதி, பில்லில் பழைய தேதி அச்சாவது. ஒரு காசு பேட்டரியோடு போகிற காரியம் இது.

இனி டிஸ்க். இங்கேதான் பொறுமையாக உட்கார வேண்டும். பதிவின் மூலம் என்ற கட்டத்தில் டிஸ்க் என்று இருந்து, எண் 51 என்றால் படிக்கவோ எழுதவோ தடுமாறியது. 153 என்றால் ஒரு முறையில் முடியாமல் மறுபடி முயன்றது. இவை மஞ்சள். 7 என்றால் டிஸ்கில் ஓர் இடம் பழுதாகிவிட்டது, இது சிவப்பு. 11 என்றால் டிஸ்கோடு பேசுவதில் கோளாறு; சில சமயம் ஒயர் தளர்ந்திருந்தாலும் இது வரும். என்டிஎஃப்எஸ் 55 என்றால் ஃபைல்களின் அடுக்குமுறை குலைந்திருக்கிறது. எல்லாவற்றிலும் கண்டிப்பானது 52. பார்ப்பதற்கு வெறும் மஞ்சள்தான். ஆனால் தான் சாகப்போவதை டிஸ்கே சொல்லும் பதிவு அது.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவின் மேல் இரண்டு முறை தட்டினால் விவரம் விரியும். அதில் ஹார்ட்டிஸ்க்0 என்றிருந்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் டிஸ்க். 1 அல்லது 2 என்றிருந்தால் யாரோ அவசரத்தில் பிடுங்கிய பென் டிரைவாக இருக்கலாம். கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் பழுது பார்ப்பவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

உள் டிஸ்க்தான் என்று தெரிந்தால் முதல் வேலை, கணக்கு ஃபைலை வெளியே பிரதி எடுப்பது. அதே டிஸ்கில் இன்னொரு ஃபோல்டரில் வைப்பது பிரதி ஆகாது. எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற வேலையெல்லாம் இதற்குப் பிறகுதான். செக் டிஸ்க் என்ற சோதனையை உடனே ஓட்டிவிடத் தோன்றும். சில பழுது பார்ப்பவர்களும் வந்தவுடன் அதைத்தான் தொடுகிறார்கள். அது டிஸ்க் முழுவதையும் மணிக்கணக்கில் தேய்த்துப் படிக்கும். நோயாளியை மலை ஏற்றுவது போல, உயிர் ஊசலாடும் டிஸ்க் அந்த ஓட்டத்திலேயே நின்றுவிடக்கூடும். பிரதி கைக்கு வந்தபின் ஒயரை மாற்றிப் பாருங்கள். ஓரிரு நாளில் பதிவு நின்றால் ஒயர்தான் குற்றவாளி. நிற்காவிட்டால் புது டிஸ்க்.

கணக்கு நமக்கு மட்டும் வேண்டியதன்று. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவு, அந்த வருஷத்துக்கான ஆண்டு விவரம் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்கச் சொல்கிறது. அதற்குள் நம் கடைகளில் எத்தனை டிஸ்க் மாறுமோ!

இந்தச் சிட்டைக்கும் அளவு உண்டு. நிரம்பியதும் பழைய வரிகளை அழித்துப் புதியதை எழுதும். ஆகவே கடையில் ஒரு நோட்டு போட்டு, மாதம் ஒரு முறை, ஜி.எஸ்.டி. விவரம் அனுப்பும் நாளன்று என்று வைத்துக்கொண்டாலும் சரி, தேதி, மூலம், எண், எத்தனை முறை என்று நான்கு கட்டத்தில் குறித்து வாருங்கள். வலது பக்கம் ஃபில்டர் கரண்ட் லாக் என்பதைத் தட்டி, கிரிட்டிகல், எரர், வார்னிங் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் பத்து நிமிஷ வேலை. எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியுடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பழைய கம்ப்யூட்டரை பில் போட வைத்துக்கொள்ளலாம். வங்கி வேலைக்கு மட்டும் வேண்டாம்.

நம் பருப்பு வியாபாரி இப்போது புது டிஸ்க் போட்டு, தினமும் கடை அடைக்கும் முன் இரண்டு பென் டிரைவில் மாறி மாறிப் பிரதி எடுக்கிறார்; ஒன்று எப்போதும் வீட்டில். பழைய டிஸ்கைக் காயலான் கடைக்குப் போடப் போனவரை நாம்தான் தடுத்தோம். பாதி படிக்க முடிந்த டிஸ்கில் அவருடைய வாடிக்கையாளர்களின் பாக்கி விவரம் நமக்குப் படிக்க வரவில்லையே தவிர, உள்ளே இல்லாமல் போய்விடவில்லை. டிரில் போட்டு நான்கு ஓட்டை இட்ட பிறகே எடைக்குப் போனது.