தேர்ச்சி அறிக்கை நாளுக்குப் போகும் முன்: தோட்டத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

தவணைப் பரீட்சை முடிந்ததும் பல பாடசாலைகளில் தேர்ச்சி அறிக்கையோடு பெற்றோர் சந்திப்பும் நடக்கும். ஒரு நாள் பேரை விட்டுவிட்டுப் போகிறோம். கையெழுத்து மட்டும் வைத்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பேரும் வீண். புள்ளிகளை ஆசிரியர் சொல்வார். பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

1. யார் போவது என்று முடிவு செய்யுங்கள்

திகதி தெரிந்த உடனேயே பிரட்டில் கங்காணியிடம் சொல்லிவையுங்கள். அரைப்பேராவது கிடைக்குமா என்று கேளுங்கள். அம்மா வெளிநாட்டிலோ கொழும்பிலோ வேலை செய்தால், பிள்ளையைத் தினமும் பார்த்துக்கொள்ளும் அப்பாயியோ சித்தியோ போகட்டும். அன்று யாராலும் முடியாவிட்டால், வேறொரு நாளை வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பாடசாலைச் சங்கச் சந்தா பாக்கி என்று வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். அது வேறு, பிள்ளையின் படிப்பு வேறு.

2. கொப்பிகளைப் புரட்டுங்கள்

வாசிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். எந்தக் கொப்பி பாதியில் நிற்கிறது, எதில் சிவப்புப் பிழைக்குறி அதிகம், எதில் ஆசிரியர் கையெழுத்தே இல்லை என்று பாருங்கள். அந்தக் கொப்பிகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

3. பிள்ளையிடம் கேளுங்கள்

“எந்தப் பாடம் விளங்கல? பலகையில எழுதுறது தெரியுதா? யாரும் அடிக்கிறாங்களா, கேலி பண்றாங்களா?” இவ்வளவு போதும். பலகை தெரியவில்லை என்றால் முதலில் கண்ணைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

4. மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்

ஆரம்ப வகுப்பு என்றால், உதாரணமாக: தமிழ் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கிறதா? கூட்டல் கழித்தல் தானாகச் செய்கிறதா? தரம் 5 என்றால் புலமைப்பரிசிலைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு வராதீர்கள்.

தரம் 9 என்றால், தரம் 10இல் எடுக்கும் தொகுதிப் பாடங்களைப் பற்றிக் கேளுங்கள். உயர்தரத்துக்குப் போக, பொதுவாகச் சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தியும், அவற்றில் 3 திறமைச் சித்தியும் வேண்டும். விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் எல்லாப் பாடசாலையிலும் இல்லை. எங்கே இருக்கின்றன என்று இப்போதே விசாரியுங்கள்.

5. வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள்

லயத்தில் ஒரே அறை, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, மழைக்காலத்தில் நீண்ட நடை: இவற்றைச் சொன்னால்தான் வராத நாட்களுக்கும் எழுதாத வீட்டுப்பாடத்துக்கும் காரணம் ஆசிரியருக்குத் தெரியும்.

6. சந்திப்பில்

வரிசையில் பலர் நிற்பார்கள்; முக்கியமானதை முதலில் கேளுங்கள். அறிக்கையை வாசிக்கச் சிரமம் என்றால், “சேர், கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க” என்று தயங்காமல் கேளுங்கள். தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கிவிட்டன. ஆகவே, மற்ற அரசாங்கப் பாடசாலைகளில் போல இங்கும் கேட்பது உங்கள் உரிமை.

“கண்ண மட்டும் விட்டுட்டு நல்லா அடிங்க டீச்சர்” என்று சொல்லிவிடாதீர்கள். பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை தடுத்திருக்கிறது. பிள்ளைக்கு அடி விழுகிறது என்று தெரிந்தால் அதிபரிடம் சொல்லுங்கள். தீராவிட்டால் வலயக் கல்விப் பணிமனை, அல்லது சிறுவர் பாதுகாப்புத் தொலைபேசி இலக்கம் 1929.

பிறப்புச் சான்றிதழின் பிரதியும் கையில் இருக்கட்டும். பாடசாலைப் பதிவில் பெயரும் பிறந்த திகதியும் அதே மாதிரி இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் திருத்த ஓடுவது பெரும் அலைச்சல்.

கிளம்பும் முன், “வீட்டில் நாங்கள் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சொல்லுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள்.

7. வீடு திரும்பியதும்

ஆசிரியர் சொன்ன நல்லதை முதலில் பிள்ளையிடம் சொல்லுங்கள். பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிட வேண்டாம். அந்த ஒரு வேலையை, அது இரவில் பத்து நிமிடம் சத்தமாக வாசிப்பதாக இருந்தாலும், அன்றைக்கே தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து, மாற்றம் தெரிகிறதா என்று வகுப்பாசிரியரிடம் மறுபடி கேளுங்கள். அதற்கு லீவு போட வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்போ பிள்ளையின் கொப்பியில் ஒரு வரியோ போதும்.