விதைக்குங்களா, குழம்புக்குங்களா?

மேட்டுப்பாளையம் பூண்டு மண்டிக்குள் நுழைகிறவர் முகத்தில் முதலில் அறைவது நெடி. அடுத்து வந்தது ஒரு கேள்வி. மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "விதைக்குங்களா, குழம்புக்குங்களா?" என்றார். பூண்டில் இப்படி இரண்டு கணக்கு இருப்பது கோயம்புத்தூரிலிருந்து பையோடு போயிருந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு பருவம் வீட்டுத் தோட்டத்தில் பூண்டு நட்டு, இரண்டிலும் ஒரு குழம்புக்குக்கூடத் தேறாமல் போயிருந்தது. மண்ணைக் குறை சொன்னேன், வெயிலைக் குறை சொன்னேன். கோளாறு விதையில் இருந்தது.

முதல் பருவத்தில் வாங்கியது மளிகைக் கடைப் பூண்டு. "மலைப்பூண்டு" என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பல்லும் கட்டைவிரல் பருமன், தோல் பளீரென்று வெள்ளை. இதைவிட நல்ல விதை எங்கே கிடைக்கும் என்று ஐப்பசியில் நட்டாயிற்று. ஐந்தே நாளில் முளைவிட்டு, தை மாதத்தில் முழங்கால் உயரத் தாள்கள் தளதளவென்று நின்றன. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பங்குனியில் பிடுங்கினால் அடியில் சின்ன வெங்காயம் மாதிரி ஒற்றை உருண்டை. பல் பிரியவே இல்லை. தாளை மட்டும் துவையலுக்கு அரைத்தோம்.

காரணம் பிறகுதான் புரிந்தது. பூண்டுச் செடிக்கு வயது ஆனால் மட்டும் போதாது. பல் பிரிந்து தலை திரள்வதற்கு அதற்கு இரண்டு செய்திகள் போய்ச் சேர வேண்டும். ஒன்று குளிர், விதைப்பல்லோ இளஞ்செடியோ சில வாரங்கள் குளிரில் இருந்திருக்க வேண்டும். இன்னொன்று பகலின் நீளம். இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கிலும் காஷ்மீரிலும் விளையும் பெரும்பல் வகைகள் அங்குள்ள பகலுக்குப் பழகியவை. குலுவில் கோடைப் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும். கோயம்புத்தூரில் ஆண்டிலேயே நீண்ட பகல் 12 மணி 45 நிமிடத்தை ஒட்டி நின்றுவிடும். அந்தச் செடி எங்கள் தோட்டத்தில் வராத ஒரு நாளுக்காகக் காத்திருந்தே வாடியிருக்கிறது.

ஆடி மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டுக் கடைகளில் குவியும் பெரிய பல் பூண்டில் கணிசமானது இமாச்சலச் சரக்கு. அதுவும் மலையில் விளைந்ததுதான். "மலைப்பூண்டு" என்று விற்பது பொய்யாகாது. குழம்புக்கு அது அருமையான பூண்டு, உரிப்பதும் சுலபம். விதைக்குத்தான் ஆகாது. அதனால் வீட்டுத் தோட்டக்காரர் எந்தக் கடையில் நின்றாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல: எந்த மலை, எந்த மாதம் பிடுங்கியது? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாதவரிடம் குழம்புக்கு மட்டும் வாங்கலாம்.

நம் பக்கத்து மலைகளிலேயே நல்ல விதைப்பூண்டு இருக்கிறது. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி போன்ற ஊர்களில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தலை ஒன்று சராசரியாக 20 முதல் 30 கிராம்தான். நிறம் வெள்ளை அல்லது இளமஞ்சள். கடையில் இமாச்சலப் பூண்டின் பக்கத்தில் வைத்தால் ஏழைப்பிள்ளை மாதிரித் தெரியும். காரமும் மணமும் வாயில் போட்டால்தான் தெரியும். மே மாத வாக்கில் ஒரு நடவும் நவம்பர் வாக்கில் ஒரு நடவும் என்று ஆண்டுக்கு இரண்டு போகம் போடுகிறார்கள். அந்தச் சரக்கு பெரியகுளத்தை ஒட்டிய வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. தேனி, மதுரைப் பக்கத்தவர்களுக்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு வழி வேண்டாம்.

நீலகிரிப் பூண்டுக்கு வாசல் மேட்டுப்பாளையம். இந்த ஊர் ஏலத்தில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். குஜராத், மத்தியப் பிரதேசம், இமாச்சலம் போன்ற வடமாநிலங்களிலிருந்து வியாபாரிகள் வந்து நீலகிரிப் பூண்டை விதைக்கென்றே ஏலம் எடுத்துப் போகிறார்கள். அவர்கள் இறங்கும் மாதங்களில் விலை ஏறும். நம் வீட்டிலிருந்து 40 கிலோமீட்டரில் கிடைப்பதற்கு அவர்கள் இரண்டு நாள் பயணம் செய்து வருகிறார்கள் என்றால், அந்த விதையை நாம் எவ்வளவு அலட்சியமாக விட்டிருக்கிறோம் என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. மண்டியில் மூட்டைக் கணக்கில்தான் ஏலம் போகும். ஆனால் ஏலம் முடிந்த பிறகு ஓரமாகத் தரம் பிரிக்கும் இடத்தில் விதைத் தரப் பூண்டு ஒன்றிரண்டு கிலோ கேட்டுப் பார்க்கலாம், எனக்குக் கொடுத்தார்கள். அன்று அந்தப் பெரியவர் தலைகளைக் கையில் உருட்டிப் பார்த்துப் பொறுக்கித் தந்தார். "பெருசா பாக்காதீங்க, கெட்டியா பாருங்க. வேரும் காம்பும் இருக்கோணும்" என்றார்.

ரகத்தின் பெயர் சொல்லி வாங்க விரும்புகிறவர்களுக்கு அரசு நிலையங்கள் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உதகைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'ஊட்டி 1' மலைக்கு ஏற்றது. சமவெளிக்கு வேறு ரகம் பார்க்க வேண்டும். புனே அருகே ராஜகுருநகரில் உள்ள வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி நிலையத்தின் 'பீமா பர்ப்பிள்', தேசியத் தோட்டக்கலை ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் 'யமுனா சஃபேத்' வரிசை ஆகியவை குறுகிய பகலிலேயே தலை கட்டும் வகைகள். பல் சிறியது, எண்ணிக்கை அதிகம். அதே நிறுவனத்தின் 'அக்ரிஃபவுண்ட் பார்வதி' வடக்கு மலைகளுக்கான நீண்ட பகல் ரகம். பெரிய பல்லைப் பார்த்து மயங்கி அதைச் சமவெளிக்கு வாங்கினால் என் முதல் பருவக் கதைதான். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் எது எப்போது கிடைக்கும் என்று சொல்வார்கள். நடவுக்கு இரண்டு மாதம் முன்பே கேட்டு வைப்பது நல்லது. நடவு நெருங்கிய பிறகு போனால் விதை தீர்ந்திருக்கும்.

இரண்டாவது பருவத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இணையத்தில் "பூண்டு விதை" என்று பாக்கெட் வந்தது. பிரித்தால் உள்ளே எள்ளைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு விதைகள். நம்பித் தூவினேன். முளைத்தது வெங்காய வகையைச் சேர்ந்த ஏதோ ஒரு கீரை. நாம் பயிரிடும் பூண்டு வழக்கமாக விதை கட்டுவதில்லை. பல்லைத்தான் நட வேண்டும். பாக்கெட்டில் கறுப்பு விதை வந்தால் அது பூண்டே அல்ல. அதே ஆண்டு இன்னொரு விற்பனையாளர் அனுப்பிய "விதைப்பூண்டு" காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் வந்து சேர்ந்தது. பல்லிடுக்கில் பச்சை கலந்த நீலப் பூஞ்சணம். தபாலில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் துணிப்பையிலோ வலைப்பையிலோ அனுப்பச் சொல்லி, உடைக்காத முழுத் தலையாகக் கேளுங்கள். உதிர்த்த பல் வேண்டாம். தலையாக இருந்தால் வேர்த்தட்டைப் பார்க்கலாம், உதிர்த்த பல்லில் பார்க்க எதுவும் இல்லை.

எந்த மாதம் பிடுங்கியது என்ற கேள்விக்கு வருகிறேன். புதிதாகப் பிடுங்கிய பூண்டு உறங்கும். சுமார் இரண்டு, மூன்று மாதம் எதைச் செய்தாலும் ஒழுங்காக முளைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் நட வேண்டுமானால் மார்ச் முதல் ஜூன் வரைக்குள் பிடுங்கிக் காயவைத்த சரக்காக இருக்க வேண்டும். செப்டம்பரில் இறங்கிய புதுப்பூண்டு எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் அப்போதைக்கு வேண்டாம். உறக்கம் கலைந்ததா என்று பார்க்க ஒரு பல்லை நெட்டுவாக்கில் பிளந்தால் போதும். நடுவில் இருக்கும் முளைக்குருத்து பல்லின் நீளத்தில் பாதியைத் தாண்டி, பச்சை தட்டியிருந்தால் நடலாம். சோற்றுப் பருக்கை அளவில் அடியிலேயே பதுங்கியிருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். வாங்கும் இடத்திலேயே ஒரு தலையை உடைத்துப் பார்க்கக் கேட்டால் நல்ல வியாபாரி மறுக்க மாட்டார். நானும் அந்த ஒரு தலைக்குக் காசு கொடுத்துவிடுவேன்.

பிளந்து பார்க்கும்போது குருத்து பழுப்பேறிச் செத்திருந்தால் அந்தச் சரக்கையே விட்டுவிடுங்கள். முளைப்பதைத் தடுக்க வெங்காயம், பூண்டு ஆகியவற்றைக் கதிர்வீச்சால் பதப்படுத்த இந்தியாவில் அனுமதி உண்டு. சாப்பிடுவதற்கு அதில் கெடுதல் இல்லை. ஆனால் அப்படிப் பதப்படுத்திய பல்லை மூன்று மாதம் மண்ணில் வைத்தாலும் பொங்கலுக்குள் அழுகிப் போகுமே தவிர முளைக்காது.

சமவெளிக்காரர்கள் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. நம் ஊரில் குளிர் போதாது என்பதால், விதைத் தலைகளை உடைக்காமல் காகிதப் பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று, நான்கு வாரம் வைத்து எடுக்கலாம். நான் மூன்றாம் பருவத்தில் பாதியை அப்படி வைத்தேன், பாதியை வைக்கவில்லை. வைத்தது முன்னதாகத் தலை கட்டியது, பல்லும் நன்றாகப் பிரிந்திருந்தது. இரண்டு மாதம் வைத்தால் இன்னும் நன்றாக வருமோ என்று மறு ஆண்டு ஆசைப்பட்டதில் பக்கமுளை கிளம்பி தலைகள் கோணிக்கொண்டன. நான்கு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

நோய் விஷயத்தில் மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வெள்ளை அழுகல் என்று ஒரு பூஞ்சாணம். தலையின் அடியில் பஞ்சு ஒட்டியது போல இருக்கும், அதன் மேல் மிளகாய்ப்பொடித் துகள் அளவில் கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் மண்ணில் விழுந்தால் 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அந்த இடத்தில் பூண்டும் வெங்காயமும் பிறகு நிம்மதியாக வராது. கால் கிலோ சந்தேகமான விதைக்காக ஒரு தலைமுறைக்குத் தோட்டத்தைப் பணயம் வைக்கக் கூடாது. இது குளிர்ந்த மண்ணின் நோய். சமவெளியில் அச்சம் குறைவு. தண்டு நூற்புழு வேறு மாதிரி. வேர்த்தட்டை விரலால் தள்ளினால் தட்டு தனியாகக் கழன்று வரும், பல் உப்பிப் பஞ்சு போல மெத்தென்றிருக்கும். அப்படி ஒரு தலை கண்டாலும் அந்த மூட்டை முழுவதையும் ஒதுக்கிவிடுவது என் வழக்கம்.

வைரஸ் பற்றிப் பயப்பட்டுப் பயனில்லை. தலைமுறை தலைமுறையாகப் பல்லிலிருந்தே பயிராகி வருவதால் ஏறக்குறைய எல்லாப் பூண்டிலும் கொஞ்சம் குடியிருக்கும். விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மண்டியைவிடவும் நல்ல இடம் ஒன்று உண்டு: விளைவிக்கிறவரின் வீட்டு அடுப்படி. கொடைக்கானல் மேல்மலையில் விதைப்பூண்டைத் தாளோடு கட்டி அடுப்புக்கு மேலே புகைபடும்படி தொங்கவிடும் வழக்கம் உண்டு. அந்தக் கட்டு, விவசாயி தனக்கென்று எடுத்து வைத்தது. சந்தைக்குப் போகிற சரக்கைவிட ஒரு படி மேல். நீலகிரியில் நான் போய்ப் பழகிய வீட்டு அம்மாவும் முதல் முறை விற்பதற்குத் தயங்கினார். "உங்களுக்குக் குடுத்துட்டா நாங்க நடறதுக்கு என்னங்க பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. மறு ஆண்டு அறுவடைக்கு முன்பே போய், எனக்கு ஒரு கிலோ சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லி முன்பணம் கொடுத்தேன். அன்றிலிருந்து தட்டியதில்லை. 2024 தொடக்கத்தில் கடையில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது விதைக்கு வைத்ததையும் பலர் விற்றுவிட்டார்கள். அந்த அம்மா சொன்ன விலையில் சொன்ன ஒரு கிலோவைக் கொடுத்தார்.

எவ்வளவு வாங்குவது? முதல் முறைக்குக் கால் கிலோ போதும். மலைப்பூண்டில் அது எட்டு முதல் பன்னிரண்டு தலை. உள்வரிசை ஒல்லிப் பற்களைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு வெளிவரிசையை மட்டும் எடுத்தால் அறுபது, எழுபது பல் தேறும். வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்று வைத்தால் சுமார் பத்து சதுர அடிதான் பிடிக்கும். நடுகிற அன்றோ முந்தின நாளோ உடைத்தால் போதும். முன்பே உடைத்து வைத்தால் காய்ந்துபோகும். தோலை உரிக்க வேண்டாம். டிரைக்கோடெர்மா விரிடி பொடியைக் கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் பிரட்டி, வேர்த்தட்டு கீழே இருக்கும்படி ஊன்றுங்கள். ஒரே இடத்து விதையை நம்பாமல் இரண்டு இடத்திலிருந்து கால் கால் கிலோ வாங்கித் தனித்தனிப் பாத்தியில் வைத்தால் எது நம் மண்ணுக்கு ஒத்துவருகிறது என்று ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த ஆண்டு விதையைப் பிடுங்கிய பிறகு தேர்ந்தெடுப்பது தாமதம். தாள் பச்சையாக நிற்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். மஞ்சள் கீற்று விழுந்த வைரஸ் செடி அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும், காய்ந்த பிறகு எல்லாத் தாளும் மஞ்சள்தான். தை மாதத்தில் நான் கீற்றில்லாத, தண்டு தடித்த செடிகளுக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுகிறேன். பிடுங்கும்போது அவை தனிக்கட்டு. ஆனால் கோவை வெயிலில் பங்குனியிலிருந்து ஐப்பசிவரை ஏழு மாதம் வைத்தால் பாதி சுருங்கிவிடுகிறது என்பதால், முழுக்க முழுக்கச் சொந்த விதையில் நிற்க முடியவில்லை. பாதி என் கட்டு, பாதி மலையிலிருந்து வருவது என்று இப்போது நடக்கிறது.

போன பருவத்தில் நூல் கட்டியது 31 செடி. அதில் 14 தலை ஐப்பசிவரை கெட்டியாக நின்றது. நான்கு தலையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். எந்த மலையிலிருந்து வந்த விதை, எந்த மாதம் பிடுங்கியது, குளிர்பதனப் பெட்டியில் எத்தனை நாள் வைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி, அதே சிவப்பு நூலால் காம்போடு சேர்த்துக் கட்டித்தான் கொடுத்தேன்.