அலையின் வரவறிதல்

உழவன் வானத்தை நோக்கி மழையின் வரவை உணர்கின்றான். மாலுமி காற்றை நோக்கிக் கடலின் நிலையை உணர்கின்றான். இயற்கையோடு பழகி வாழ்வோர் அனைவர்க்கும் வரவிருப்பதை முன்னரே அறியும் ஆற்றல் இன்றியமையாதது. எனினும், கரையில் நிற்கும் ஒருவன் தன் கண்முன் தோன்றும் கடலை மட்டும் நோக்கி, நாளை வரவிருக்கும் அலையை அறிந்துவிட முடியுமோ? முடியாது. நாளை அவன் காலடியில் வந்து உடையும் அலை, ஐந்து நாட்களுக்கு முன்னர், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அவன் காணாத ஒரு புயலிற் பிறந்ததாக இருத்தல் கூடும். அத்தகைய அலையின் வரவை எங்ஙனம் அறிவது என்பதற்குப் பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள சிற்றூர் ஒன்று சிறந்த சான்றாக விளங்குகின்றது.

அவ்வூரின் பெயர் தெயாஹுபோ. பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்த தாகித்தித் தீவின் தென்பகுதியில், கடலோரச் சாலை முடிவுறும் இடத்தில் அது அமைந்துள்ளது. பின்புறம் பசுமை போர்த்த மலைகள். முன்புறம் அமைதியான களப்பு. களப்பிற்கு அப்பால், கரையைக் காக்கும் மதில்போல் நீண்டு கிடக்கும் பவளத்திட்டு. மலையினின்று இறங்கும் ஆற்றின் நன்னீர் கடலோடு கலக்கும் இடத்தில் பவள உயிர்கள் செழித்து வளர்வதில்லை. ஆகலின், அவ்விடத்தில் திட்டு பிளவுபட்டு ஒரு வாயில் தோன்றியுள்ளது. அவ்வாயிலின் ஓரத்திலேதான் உலகப் புகழ்பெற்ற பேரலை எழுகின்றது.

அலையின் சரிவில் பலகைமீது நின்று சறுக்கிச் செல்லும் அலைச்சறுக்கு, பொலினீசிய மக்களின் தொன்மையான விளையாட்டு. ஆயினும், தெயாஹுபோவின் அலை தொடக்க நிலையினர்க்கு உரியதன்று. பல்லாண்டு பயின்று தேர்ந்தவர்க்கே உரியது. அதன் காரணத்தை உணர வேண்டுமெனின், அலையின் பிறப்பு, பயணம், முடிவு ஆகிய மூன்றையும் அறிதல் வேண்டும்.

முதலில் அலையின் பிறப்பைக் காண்போர், காற்றே அலையின் தாய் என்பதை உணர்வர். நீர்ப்பரப்பின்மீது காற்று வீசும்போது அதன் ஆற்றலில் ஒரு பகுதி நீருக்குச் சென்று அலையாகின்றது. அலையின் பெருமை மூன்றினால் அமையும்: காற்றின் வேகம், அது வீசும் கால அளவு, தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம். இம்மூன்றும் ஒருங்கே மிகுந்திருக்கும் இடம் தென்பெருங்கடல். அங்குக் காற்றைத் தடுக்கும் பெருநிலம் இல்லை. தென்கோளத்தின் குளிர்காலத்தில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே மேற்கினின்று கிழக்கு நோக்கிச் செல்கின்றன. ஆகலின், ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரையுள்ள காலமே தெயாஹுபோவில் பேரலைகளின் பருவம் ஆகும்.

புயலினுள்ளே அலைகள் ஒழுங்கற்றுக் கிடக்கும். சிறியனவும் பெரியனவும் ஒன்றோடொன்று மோதும். புயலை விட்டு நீங்கிய பின்னரோ அவை வரிசையாகப் பிரிந்து செல்கின்றன. காற்றின் துணையின்றியே நெடுந்தொலைவு செல்லும் இவற்றை நெட்டலைகள் எனலாம். ஒரு முகடு ஓரிடத்தைக் கடந்தபின் அடுத்த முகடு அவ்விடத்தை அடைய ஆகும் நேரமே அலைவு நேரம் எனப்படும். ஆழ்கடலில் அலைவு நேரம் மிகுந்த அலைக்கூட்டமே விரைந்து செல்லும் என்பது இயற்கையின் விதி. 20 வினாடி அலைவு நேரம் உடைய கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டரும், 16 வினாடி உடையது 45 கிலோமீட்டரும், 12 வினாடி உடையது 34 கிலோமீட்டரும் செல்லும்.

இவ்விதியின் பயன் பெரிது. 5,000 கிலோமீட்டர் தொலைவில் ஒரு புயல் எழுந்தது எனக் கொள்க. அதிற் பிறந்த 20 வினாடி அலைகள் ஏறத்தாழ 89 மணி நேரத்திலும், 16 வினாடி அலைகள் 111 மணி நேரத்திலும், 12 வினாடி அலைகள் 147 மணி நேரத்திலும் கரை சேரும். ஒரே நாளில் ஒரே இடத்திற் பிறந்தவை இரண்டு நாட்களுக்கு மேற்பட்ட இடைவெளியில் வந்து சேர்கின்றன. அரசன் வருமுன் கட்டியக்காரன் வருவதுபோல, உயரம் குறைந்தும் அலைவு நேரம் மிகுந்தும் உள்ள அலைகள் முன்னே வருகின்றன. பேரலைகள் பின்னே வருகின்றன. முன்வந்த அலைகளுக்கும் பின்வந்தவற்றிற்கும் உள்ள கால இடைவெளியை அளந்து, புயல் எழுந்த தொலைவையே கணித்துவிடலாம்.

இக்கலையை அறிவியலாக வளர்த்தவர்களுள் தலைசிறந்தவர் வால்ட்டர் மங்க். ஆஸ்திரியாவில் 1917ஆம் ஆண்டு பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இவர், இரண்டாம் உலகப்போரின்போது, நார்வே நாட்டு அறிஞர் ஹரால்டு ஸ்வெர்ட்ரூப் என்பாரோடு சேர்ந்து, கரையில் எழும் அலையின் உயரத்தை முன்னறியும் முறையை வகுத்தார். படகுகளில் சென்று கரையிறங்கும் வீரர்களின் உயிர் அலையின் உயரத்தைப் பொறுத்திருந்தது. 1944ஆம் ஆண்டு ஜூன் மாதம் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது இம்முறை பயன்பட்டது. பின்னர் 1963ஆம் ஆண்டில் மங்க்கும் அவர்தம் துணைவர்களும் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவை நிலையங்களை அமைத்து, தென்பெருங்கடற் புயல்களிற் பிறந்த அலைகளைப் பசிபிக் கடலின் குறுக்கே தொடர்ந்து அளந்தனர். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சென்ற பின்னும் அலைகள் தம் ஆற்றலைப் பெரிதும் இழப்பதில்லை என்பதை அவ்வாராய்ச்சி மெய்ப்பித்தது. இக்காலத்தில் செயற்கைக்கோள்களும் மிதவைகளும் கணிப்பொறிகளும் அப்பணியைச் செய்கின்றன. அடிப்படை விதி மாறவில்லை.

இனி, அலையின் முடிவைக் காணலாம். அலையின் இயக்கம் நீர்ப்பரப்பின்கீழ் அலைநீளத்தின் பாதியளவு ஆழம் வரை செல்லும். 16 வினாடி அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறத்தாழ 400 மீட்டர். எனவே, 200 மீட்டர் ஆழத்திலேயே அது கடலடியை உணரத் தொடங்கும். அடி மேடாக மேடாக அலையின் வேகம் குறையும், முகடு உயரும், இறுதியில் முகடு முன்னோக்கிச் சாய்ந்து உடையும். சரிவு மெல்லியதாயின் அலையும் மெல்ல உடையும். தெயாஹுபோவிலோ பவளத்திட்டின் வெளிப்பக்கம் செங்குத்தாகச் சரிந்து ஆழ்கடலுள் இறங்குகின்றது. ஆழ்கடலில் விரைந்து வந்த அலை, தன் வேகத்தைச் சிறிது சிறிதாகத் தணித்துக்கொள்ள இடமின்றித் திட்டின்மீது மோதுகின்றது. அப்போது திட்டின்மேல் இருந்த நீரையும் அது தன்பால் இழுத்துக்கொள்வதால், அலையின் அடிப்பகுதி கடல்மட்டத்தினும் தாழ்ந்து காணப்படும். தடித்த முகடு வளைந்து விழுந்து, உள்ளே ஒரு பெருங்குழல் தோன்றும். அக்குழலினுள் புகுந்து வெளிவருதலே சறுக்குவோரின் பெருவிருப்பம். தவறி வீழ்ந்தாலோ, கீழே காத்திருப்பது மணல் அன்று. சிறிதளவு நீரே மூடிய கூரிய பவளம்.

ஆகவே, அவ்விடத்திற்குரிய முன்னறிவிப்பைப் படிப்போர் ஐந்து செய்திகளை நோக்குவர். முதலாவது, அலையின் உயரம். இரண்டாவது, அலைவு நேரம். 2 மீட்டர் உயரமும் 8 வினாடி அலைவு நேரமும் உடைய அலையும், அதே உயரமும் 16 வினாடி அலைவு நேரமும் உடைய அலையும் பெயரளவில் ஒத்தவை, ஆற்றலில் ஒத்தவையல்ல. பின்னது இருமடங்கு ஆற்றலைக் கரைக்குக் கொணரும். திட்டில் ஏறியபின் மிக உயர்ந்தும் எழும். உயரத்தை மட்டும் படித்து அலைவு நேரத்தைப் படியாதவன், பாதி ஓலையைப் படித்துப் பயணம் புறப்பட்டவனுக்கு ஒப்பாவான்.

மூன்றாவது, அலை வரும் திசை. தென்மேற்கினின்று வரும் அலைகள் திட்டின்மீது ஒருங்கே மோதிப் பெருகி எழும். நான்காவது, உள்ளூர்க் காற்று. நிலத்தினின்று கடல் நோக்கி வீசும் மென்காற்று அலையின் முகத்தைத் தாங்கி நிறுத்திச் செம்மைப்படுத்தும். குளிர்காலத்தில் தென்கிழக்கினின்று வலிதாக வீசும் ‘மராஆமு’ என்னும் காற்றோ கடலைக் குலைத்துவிடும். ஐந்தாவது, ஓதம். தாகித்தியின் ஓதம் வியப்பிற்குரியது. பிற இடங்களில் ஓதத்தின் நேரம் திங்களைப் பின்பற்றி நாள்தோறும் பின்தள்ளிச் செல்லும். தாகித்தியிலோ திங்களின் விளைவு மிகக் குறைவு. ஆகலின் ஞாயிற்றைப் பின்பற்றி, நாள்தோறும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே உயர் ஓதம் நிகழும். அதன் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 30 சென்டிமீட்டரே. எனினும், நீர் ஆழம் மிகக் குறைந்த திட்டின்மீது அவ்வளவு வேறுபாடும் பொருட்படுத்தத் தக்கதே.

முன்னறிவிப்பின் பெருமையையும் அதன் எல்லையையும் 2024ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி, பாரிஸினின்று ஏறத்தாழ 15,700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தெயாஹுபோவில் நடைபெற்றது. போட்டிக்கு நான்கு நாட்களே தேவை. ஆயினும் ஜூலை 27 முதல் ஆகஸ்டு 5 வரை பத்து நாட்கள் ஒதுக்கப்பட்டன. கடல் மனிதனின் நாட்குறிப்பிற்குக் கட்டுப்படாது என்பதை அமைப்பாளர் அறிந்திருந்தனர். காற்றும் அலையும் இசையாத நாட்களில் போட்டி ஒத்திவைக்கப்பட்டது. ஆடவர் இறுதிப் போட்டியில் தாகித்தியின் இளைஞர் கவுலி வாஸ்ட் தொடக்கத்திலேயே நல்ல அலைகளைப் பெற்றார். பின்னர்க் கடல் அடங்கிவிட்டது. எதிர்த்துநின்ற ஆஸ்திரேலிய வீரர் ஜாக் ராபின்சன் ஏற்ற அலைக்காகக் காத்திருந்தும் பயன் கிட்டவில்லை. நாளையும் வேளையும் முன்னறிவிப்பு கூறும். இன்ன நிமிடத்தில் இன்ன அலை என்று கூற எந்தக் கணிப்பாலும் இயலாது.

அவ்வூர் மக்கள் பிறிதொன்றையும் உலகிற்கு உணர்த்தினர். நடுவர்க்கெனத் திட்டின்மீது புதிய கோபுரம் எழுப்ப முற்பட்டபோது, பவளம் சிதையும் என்று 2023ஆம் ஆண்டில் அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன்பின் கோபுரத்தின் அளவு குறைக்கப்பட்டது. பவளம் அழியுமாயின் மீனும் அழியும். அலையின் வடிவும் கெடும். தம்மை வாழ்விக்கும் கடலைக் காப்பது தம் கடன் என அவர்கள் கருதினர்.

தொலைவிலுள்ள அத்தீவின் செய்தி தமிழகத்துக் கடலோர மாணவர்க்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். தென்பெருங்கடற் புயல்கள் பசிபிக் கடலுக்கு மட்டும் அலைகளை அனுப்புவதில்லை. இந்தியப் பெருங்கடலின் வழியே குமரிமுனைக்கும் அனுப்புகின்றன. உள்ளூரிற் காற்றும் இல்லை, மழையும் இல்லை. வானம் தெளிவாக இருக்கும். எனினும் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறும். திருடன்போல் அறிவிப்பின்றி வருதலால் அதனைக் கேரளக் கரையோர மீனவர் ‘கள்ளக்கடல்’ என்றனர். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதனை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை விடுக்கின்றது. 2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிர் துறந்தனர். கடற்கொந்தளிப்பு எச்சரிக்கை அதற்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. அலைவு நேரம் என்னும் ஒரு சொல்லின் பொருளைக் கடற்கரைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

தெயாஹுபோவில் தேர்ந்த வீரரும் அலை மிகப் பெரிதாகும் நாட்களிற் பலகையைக் கரையில் வைத்துவிட்டு அமர்ந்திருப்பதுண்டு. அதனை எவரும் அச்சம் என்று இகழ்வதில்லை. அலையேறும் திறம் ஒரு பயிற்சி; ஏறலாகாத அலையை அறிதல் அதனினும் உயர்ந்த பயிற்சி. வருவதை முன்னறிந்து அதற்கேற்ப ஒழுகுவோரைக் கடல் தன் தோளில் ஏற்றிச் செல்லும். அறியாது துணிவோரிடம் அது இரக்கம் காட்டுவதில்லை.

பயிற்சி

1. அலையின் பெருமை எம்மூன்றினால் அமைகின்றது?
2. தென்பெருங்கடல் பேரலைகளின் பிறப்பிடமாதற்குக் காரணம் யாது?
3. புயல் ஒன்று 4,500 கிலோமீட்டர் தொலைவில் எழுந்தது. அதிற் பிறந்த 16 வினாடி அலைகள் கரை சேர எத்தனை மணி நேரம் ஆகும்?
4. ‘பாதி ஓலையைப் படித்துப் பயணம் புறப்பட்டவன்’ என்னும் உவமையை விளக்குக.
5. கள்ளக்கடல் என்பது யாது? அதன் வரவைக் கரையில் நிற்போர் தாமே உணர இயலாமைக்குக் காரணம் கூறுக.